காற்றை அளக்கும் கம்பி

“பாய், எங்க கார்ல பெட்ரோல் திருடுறவனைக் கையும் களவுமாப் பிடிக்கணும். ஒரு வழி சொல்லுங்க.”

தாஜுதீன் பாய் அதிகம் பேசாத மெக்கானிக் என்று திருச்சியில் பெயர். வாய் ஓயாத மெக்கானிக்குகள் நாலு பேரிடம் போய் அலுத்துவிட்டு, தஞ்சாவூர் ரோட்டில் இருந்த அவருடைய ஷெட்டைத் தேடி வந்திருந்தாள் வசுமதி. அதிகம் பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பதும் அவள் கருத்துத்தான்.

“யாரு திருடுறது?”

“வேற யாரு? டிரைவர். சவரிமுத்து.”

அவள் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். புங்கமரத்தடியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காரை ஓட்டி வந்ததே அவர்தான். நிறுத்திய மறு நிமிஷம் சாவியை அவள் வாங்கிக்கொண்டுவிட்டாள்.

“எப்படித் தெரியும்?”

“லிட்டருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் ஓடின வண்டி, நாலு மாசமா ஒன்பதுதான் ஓடுது.”

“டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டீங்களா?”

“போட்டேன். அப்பவும் ஒன்பது. கள்ளச்சாவி வெச்சிருக்கான்.”

“நீங்களே ஓட்டிப் பார்த்தீங்களா?”

“அவனை ஒரு வாரம் வீட்டுல உக்கார வெச்சுட்டு நானேதான் ஓட்டினேன். அப்பவும் ஒன்பது.”

“அப்போ?”

“என்னைக் குழப்பறதுக்குன்னே ஏதோ பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கான்.”

பாய் தலையை ஆட்டினார். ஆமாமா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத ஆட்டல்.

“டிக்கியில ஒரு கேன் வேற. கேட்டா, ரேடியேட்டருக்குத் தண்ணியாம். என்கிட்டேர்ந்து சாவி வாங்கும்போதெல்லாம் அதைத் திறந்து கவிழ்த்துக் காட்டணும்னு சொல்லிட்டேன்.”

“என்ன இருந்துச்சு?”

“தண்ணி.” சொல்லும்போதே அவளுக்கு எரிச்சல் வந்தது. “நான் பார்க்கும்போது தண்ணி.”

பாய் குனிந்து ஒரு ஸ்பானரைத் துடைத்தார்.

“வீட்டுக்குப் பின்னாடி ரூம்ல குடும்பத்தோட இருக்கான். பதினோரு வருஷமா. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன். பொண்ணுக்குப் பன்னெண்டாவது பரீட்சையாம், மார்ச் வரைக்கும் இருக்கட்டுமாங்கறான். திருடனுக்கு எதுக்கு டைம்? நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நேரா போலீஸ் ஸ்டேஷன்.”

“அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லாம என்ன? ‘சைலன்சர்ல கறுப்பாப் புகை வருதும்மா, எங்கேயாவது காட்டணும்மா.’ நாலு மாசமா இதே பாட்டு. சாக்கு!”

பாய் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். சாவிக்குக் கையை நீட்டினார்.

கொடுக்குமுன் அவள் கிலோமீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

இஞ்சின் இருமியது, குலுங்கியது. பின்னால் கறுப்பாகப் புகை. பாய் அணைத்தார். பானெட்டைத் திறந்து, காற்றுக்குழாயின் மேல் இருந்த ஒரு சின்ன பிளக்கை உருவிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

குலுக்கல் இல்லை.

“என்ன பண்ணினீங்க?”

“ஒருத்தர் வாயை அடைச்சேன்.”

“யார் வாயை?”

அவர் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் துண்டை உருவி எடுத்தார். அதற்குள் தலைமுடியைப் போல ஒரு கம்பி.

“சென்சார். எவ்வளவு காத்து உள்ளே வருதுன்னு இஞ்சினுக்குச் சொல்லும். அதை நம்பித்தான் இஞ்சின் பெட்ரோல் ஊத்தும். இப்போ இல்லாத காத்தை இருக்குன்னு சொல்லுது.”

“பொய் சொல்லுதா?”

“அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. மேல அழுக்குப் படிஞ்சிருக்கு. அதுக்கு அப்படித்தான் தெரியுது.”

“இது இல்லாமலேயே நல்லாத்தானே ஓடுது? பிடுங்கித் தூரப் போடுங்க.”

“கண்ணைக் கட்டிக்கிட்டு எத்தனை தூரம் போவீங்க?”

வசுமதி உதட்டைச் சுழித்தாள். “சரி. புதுசு மாத்தணும்பீங்க. அதானே உங்க தொழில்.”

“கழுவினாப் போதும்.”

இது அவளுக்கு இன்னும் உறுத்தியது.

“கழுவினாப் போதுமா? அப்போ வேற எதைக் கழட்டி எடுத்தீங்க?”

பாய் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கிரீஸ்.

ஒரு டின்னைக் குலுக்கிக் கம்பியின் மேல் ஸ்ப்ரே அடித்தார். கறுப்பு நீர் சொட்டியது. வசுமதி புடவைத் தலைப்பை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

“தொடாதீங்க.”

“ஓரத்துல இன்னும் அழுக்கு இருக்கே!”

“தொட்டா அறுந்துடும்.”

“பின்னே?”

“காயணும்.”

அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். அவளுக்கு ஸ்டூல் காட்டினார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர் கைகள் தெரியாது. பத்து நிமிஷத்தில் ஆறு தடவை வாட்சைப் பார்த்தாள். புங்கமரத்தடியில் இருந்தவர் மட்டும் அசையவே இல்லை. அதையும் அவள் கவனித்துவைத்தாள்.

“அழுக்காக்கினது யாரு? அதைச் சொல்லுங்க முதல்ல.”

பாய் எழுந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த ஃபில்டரை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மடிப்புகள் தொய்ந்து கிடந்தன. ஒரு கிழிசல் வழியாக வெயில் தெரிந்தது.

“இது பேப்பர். தண்ணியில போட்டு அலசியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. நைஞ்சு கிழிஞ்சிருக்கு. ரோட்டுத் தூசியெல்லாம் இது வழியாப் போய்க் கம்பி மேல உக்காந்திருக்கு.”

“பார்த்தீங்களா!” வசுமதியின் குரல் ஷெட்டையே நிறைத்தது. “நான் சொன்னேனா இல்லையா? வண்டியைக் கெடுக்கணும்னே பண்ணியிருக்கான். இது அவன் வேலைதான், பாய்!”

பாய் ஃபில்டரைத் திருப்பினார். ரப்பர் ஓரத்தில் ஒரு பொட்டு, மெரூன் நிறத்தில்.

“யாரோ குறி வெச்சிருக்காங்க. நெயில் பாலிஷ்.”

மூன்று வருஷத்துக்கு முன் வைத்தது. சர்வீஸுக்கு விட்டால் நல்ல ஃபில்டரை உருவிக்கொண்டு எவனுடைய பழசையாவது மாட்டிவிடுவார்கள் என்று வைத்தது. அதன் பிறகு அதை யாரும் தொட அவள் விட்டதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவளே கழற்றி, குழாயடியில் அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அவளே மாட்டுவாள்.

அவள் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

பாய் அவள் கையைப் பார்க்கவில்லை. புது ஃபில்டரைப் பொருத்தினார். காய்ந்த சென்சாரை மாட்டி, திருகாணிகளை முடுக்கினார். இஞ்சின் சீராக ஓடியது. புகை இல்லை. சாவியை அவளிடம் கொடுத்தார்.

அவள் புங்கமரத்தடிக்குப் போனாள்.

“சாவி.”

சவரிமுத்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை காலி பண்ண வேண்டாம்.”

“சரிங்கம்மா.”

“மார்ச்லயும் வேண்டாம்.”

“சரிங்கம்மா.”

அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் மூச்சுவிட்டாள். அவர் காரை வெளியே எடுத்து நிறுத்தினார். இறங்கினார். அவள் ஏறுவதற்குக் கதவைத் திறக்கவில்லை. பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். கேனை எடுத்தார், மூடியைத் திருகினார், அவள் காலுக்கு ஓரடி தள்ளிக் கவிழ்த்தார்.

தண்ணீர் மண்ணில் ஓடியது.

“இனிமே காட்ட வேண்டாம், சவரிமுத்து.”

“இருக்கட்டும்மா. பழகிடுச்சு.”

வசுமதி திரும்பி ஷெட்டைப் பார்த்தாள். பாய் ஸ்ப்ரே டின்னை மூடி, அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் கண் அந்த டின்னில் நின்றது.

“அதுக்கு இது ஆகாதும்மா” என்றார்.