சிம்மாசனத்தில் ஒரு அபாலஜைஸ்

கொடுக்கூர் ஜமீன் ராஜா விசயரங்கருக்குத் திடீரென்று இங்கிலீஷ் பித்து பிடித்தது. காரணம், விருந்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர். அவர் ராஜாவின் காலை நன்றாக மிதித்துவிட்டு, "அபாலஜைஸ்" என்றார். அவ்வளவுதான், விஷயம் முடிந்துபோனது!

ராஜா அசந்துபோனார். கொடுக்கூரில் தப்புச் செய்தவன் மன்னிப்புக் கேட்க வெற்றிலைத் தட்டோடு எதிராளியின் வாசலுக்குப் போக வேண்டும். எடுத்த பொருளைத் திருப்பி வைக்க வேண்டும். இங்கே ஒரே சொல்லில் வேலை முடிகிறதே! உடனே வாத்தியார் வைத்துப் படித்தார். நேற்றுச் செய்ததற்கு ஒரு மாதிரி, நாளை செய்யப்போவதற்கு ஒரு மாதிரி என்று அந்தச் சொல்லின் எல்லா வடிவமும் மனப்பாடம்.

"எழுதும்போது எஸ் போடுவதா, இசட் போடுவதா?" என்று வாத்தியாரைக் கேட்டார்.

"எதைப் போட்டாலும் சரிதான், மகாராஜா."

ராஜாவுக்கு இன்னும் பிடித்துப்போனது.

மறுநாள் காலையிலேயே, குதிரை ஓட்ட இடம் வேண்டுமென்று பொம்மக்காவின் வெள்ளரித் தோட்டத்தை வளைத்துப் போட்டார். அவளைப் பார்த்துக் கம்பீரமாக "அபாலஜைஸ்" என்றார். குதிரையைத் தட்டிவிட்டார்.

பொம்மக்கா மந்திரி அம்பலவாணரிடம் ஓடிவந்து அழுதாள். "ராசா என்னமோ சொன்னாரு சாமி. அதைத் தின்னா எம் புள்ளைங்க வயிறு நிறையுமா?"

அம்பலவாணருக்கு மனசு கொதித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சபை கூடும் நேரம். ராஜா உள்ளே வந்து பார்த்தால், சிம்மாசனத்தில் கால்மேல் கால் போட்டபடி அம்பலவாணர்!

"அபாலஜைஸ், மகாராஜா" என்றார், உட்கார்ந்தபடியே.

"என்ன திமிர் உமக்கு! எழுந்திரும்!"

"எஸ் போட்டது பிடிக்கவில்லையா? இசட் போட்டுச் சொல்லட்டுமா?"

"எதைப் போட்டால் என்னய்யா? சொன்னால் ஆயிற்றா? முதலில் என் இடத்தை விடும்!"

"ஓ, இடத்தையும் விட வேண்டுமா? காலையில் வெள்ளரித் தோட்டத்தில் மகாராஜா அதைச் செய்யவில்லையே. நானும் பார்த்துத்தானே கற்றுக்கொண்டேன்!" என்று சொல்லி மெல்ல எழுந்தார்.

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று சாயங்காலமே வெற்றிலைத் தட்டைத் தன் கையாலேயே ஏந்திப் பொம்மக்கா வாசலில் நின்றார். தோட்டம் அவள் கைக்கே திரும்பியது. அவளும் சந்தோஷமாக ஒரு கூடை வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தனுப்பினாள்.

வழியில் ஒரு பிஞ்சைக் கடித்தபடி, கூட வந்த அம்பலவாணரிடம் ராஜா சொன்னார்: "இருந்தாலும் என் சிம்மாசனத்திலேயே உட்கார்ந்துவிட்டீர். உமக்குப் பத்து சவுக்கடி கொடுத்துவிட்டு, அபாலஜைஸ் சொல்லலாமா என்று பார்க்கிறேன்."

"தாராளமாக, மகாராஜா. ஆனால் நம் ஊர் வழக்கப்படி, கொடுத்த பத்தையும் என்னிடமிருந்து நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்குமே!"

ராஜா சிரித்த சிரிப்பில் வெள்ளரி புரையேறியது. கூடையில் மிச்சமிருந்ததெல்லாம் அம்பலவாணருக்கே பரிசு.