கடவுளுக்குப் புரிந்த மொழி

வேதத்தை ஊரார் பேசும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார் என்று போதகர் யோஸ்டைச் சிறையில் அடைத்தார் கத்தோலிக்க ஆயர். லத்தீன் தெரியாதவர்களுக்கு வேதம் எதற்காம்! போதகரை விடுவிக்கச் சொல்லிக் கோயிலில் வந்து நின்றாள் அவர் வீட்டுச் சமையல்காரி அக்னெஸ்.

"கடவுளுக்கு உன் சமையலறைப் பேச்சு புரியும் என்று நிரூபி. அவனை இப்போதே விட்டுவிடுகிறேன்" என்று கோயில் நிறைந்த கூட்டத்தின் முன்னால் சிரித்தார் ஆயர்.

"போன வெள்ளிக்கிழமை உங்களிடம்தானே என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன், ஆண்டகையே. எந்த மொழியில்?"

"உன் மொழியில்தான். உனக்கு லத்தீன் ஏது?"

"கடவுள் மன்னித்துவிட்டார் என்றீர்களே?"

"மன்னித்துத்தான் விட்டார்."

"புரியாமலேயா மன்னித்தார்?"

"அப்போ எங்க பாவமெல்லாம் அப்படியேதான் இருக்கா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

ஆயர் அவசரமாகச் சிறைச் சாவியைக் கொண்டுவரச் சொன்னார். அதை அவர் லத்தீனில் சொல்லவில்லை.