சாமிக்குப் போன அத்திப்பழம்

ஆனைமலைக் காட்டில் உயரமான ஓர் அயினி மரம். அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பொந்து. அந்தப் பொந்தில் குடித்தனம் நடத்த வந்தார்கள் இரண்டு இருவாட்சிப் பறவைகள். புருஷன் பெயர் மாசிலன். பெண்டாட்டி பெயர் வெள்ளையம்மா.

இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய், மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். மூக்கு நுனி போகிற அளவுக்கு மட்டும் ஒரு பிளவு விட்டு வைக்கும். உள்ளே போனதும் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். பறக்க முடியாது. குஞ்சு வளரும் வரை மூன்று நாலு மாதம் அந்த இருட்டுதான் வீடு. ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்ட வேண்டும். அவன் வந்தால் சாப்பாடு, வராவிட்டால் பட்டினி. இப்படி ஒருத்தனை நம்பி வாசலை அடைத்துக்கொள்ள எவ்வளவு மனசு வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

கடைசிப் பிடி மண்ணைப் பூசும் முன் வெள்ளையம்மா வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பயமாக இருக்கிறது என்றாள்.

"நான் எதுக்கு இருக்கேன் அம்மிணி? நீ நிம்மதியா அடைச்சுக்கோ" என்றான் மாசிலன்.

அவள் அடைத்துக்கொண்டாள்.

முதல் ஒரு மாதம் மாசிலன் ஒரு குறையும் வைக்கவில்லை. விடிந்ததும் அத்திமரத்துக்குப் போவான். தொண்டை நிறையப் பழத்தை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பிளவில் நீட்டுவான். நாளைக்குப் பத்து நடை. தூரத்தில் அவன் சிறகுச் சத்தம் கேட்டதுமே வெள்ளையம்மா மூக்கை நீட்டிவிடுவாள். நாலு வார்த்தை பேசுவார்கள். மழை வருமா, அத்திமரத்தில் கூட்டமா, அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் அடுத்த நடை வரைக்கும் பொழுதை ஓட்டுவாள்.

மாசிலனும் பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பெண்டாட்டி முகத்தைப் பார்த்து மாதம் ஒன்றாகிவிட்டது. கண்ணில் படுவது ஒரு மூக்கு நுனி மட்டும். மற்ற பறவைகள் கும்பல் கும்பலாகக் கத்திக்கொண்டு திரிய, இவன் மட்டும் ஒற்றையாக மரத்துக்கு மரம் அலைந்தான். ஒரு பொந்துக்குள் பழம் போடுகிறவனை யார் நின்று பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்க்கவில்லை. அந்தக் குறை அவன் மனசை அரித்துக்கொண்டே இருந்தது.

போகிற வழியில் ஒரு பாறை. பாறை மேல் ஒரு கல் சாமி. ஒரு நாள் மாசிலன் அங்கே இறங்கினான். குஞ்சு நல்லபடியாகப் பொரிக்க வேண்டும் என்று கும்பிட்டு, ஓர் அத்திப்பழத்தைச் சாமி முன்னால் வைத்துவிட்டு வந்தான். திரும்பி வரும்போது பழத்தைக் காணோம். அவனுக்குப் புல்லரித்துவிட்டது.

சாமி தின்னவில்லை. பாறைக்குப் பின்னால் குடியிருந்த கிழட்டுக் குரங்கு தின்றது. அந்தக் குரங்கு சாமானியப்பட்டதா என்ன? மெதுவாக வெளியே வந்து, சாமி கும்பிட்டு எழுந்தது போல நெற்றி மண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் சாமி ஒருத்தர் கையால் வாங்கிச் சாப்பிட்டதே இல்லை, உனக்குத்தான் அந்தக் கொடுப்பினை என்று மாசிலனிடம் சொன்னது. விட்டதா? மரம் மரமாகப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தது.

மறுநாள் மைனாக்கள் வந்தன. அதற்கு மறுநாள் குக்குறுவான்கள் வந்தன. மாசிலன் பழம் வைப்பதையும் கண்ணை மூடுவதையும் பார்த்து, என்ன பக்தி, என்ன பக்தி என்று உருகின. அவையும் கண்ணை மூடிக் கும்பிடுகிற நேரம் பார்த்துக் குரங்கு பழத்தை எடுத்துக்கொண்டது. ஒரு மாதமாக யாரும் திரும்பிப் பார்க்காத பறவைக்கு அது எப்படி இருந்திருக்கும்? இனிப்பாகத்தான் இருந்தது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பறிக்கிற முதல் பழமெல்லாம் சாமிக்குத்தான் என்று அங்கேயே வேண்டிக்கொண்டான். மனசுக்குள்ளேயே வேண்டிக்கொண்டிருந்தால் போதாதா? இல்லை, எல்லோரும் கேட்கும்படிச் சத்தமாக வேண்டிக்கொண்டான்.

பத்து நடை ஆறானது. ஆறு மூன்றானது. முதல் பழம் சாமிக்கு என்பது போய், நல்ல பழமெல்லாம் சாமிக்கு என்றானது. பொந்துக்கு மிஞ்சியது வந்தது.

அதற்குள் குஞ்சு பொரித்துவிட்டது. சதைப்பிண்டமாக, கண் திறக்காமல், வாயை மட்டும் திறந்துகொண்டு கிடந்தது. வெள்ளையம்மா வந்ததையெல்லாம் அதற்கே ஊட்டினாள். பழம் போதவில்லை என்று ஒரு நாள் கூச்சத்தோடு சொன்னாள்.

கொஞ்சம் பொறுத்துக்கொள், எல்லாம் உங்களுக்காகத்தானே கும்பிடுகிறேன் என்றான் அவன். அங்கே பாறையில் கூட்டம் காத்திருந்தது. நாலு வார்த்தை பேச நேரமில்லை. பறந்துவிட்டான்.

பொந்துக்குள் பகல் என்பது விரல் அகல வெளிச்சம். அது சுவரில் ஏறி, நகர்ந்து, மங்கிப் போகும். வெள்ளையம்மா அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். காட்டில் எத்தனையோ சிறகுச் சத்தம் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் மூக்கை நீட்டுவாள். அது யாரோ எங்கேயோ போகிற சத்தமாக இருக்கும். மூக்கை உள்ளே இழுத்துக்கொள்வாள். தான் தனியாகிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மண்டலம் முடிய மூன்று நாள் இருந்தது. கடைசி மூன்று நாளும் சாமியை விட்டு அசையக் கூடாது, அசைந்தால் செய்ததெல்லாம் வீண் என்று குரங்கு சொன்னது. சாமிக்குப் பழம் பறிக்கப் பக்கத்திலேயே இன்னொரு அத்திமரத்தையும் காட்டியது. மாசிலன் பொந்து இருக்கும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். ஆனால் மைனாக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் உட்கார்ந்துவிட்டான்.

முதல் நாள் குஞ்சு ஓயாமல் கத்தியது. இரண்டாம் நாள் விட்டு விட்டுக் கத்தியது. மூன்றாம் நாள் கத்தவில்லை. அதுதான் வெள்ளையம்மாவால் தாங்க முடியவில்லை. வாசலை உடைத்துவிடலாமா என்று மூக்கால் இரண்டு கொத்து கொத்தினாள். உடைத்து என்ன செய்வது? இறகு இல்லை, பறக்க முடியாது. போதாக்குறைக்கு மரத்தடியில் மரநாய் சுற்றுகிறது. வாசல் திறந்தால் குஞ்சு அதற்குத்தான். கொத்துவதை நிறுத்திவிட்டு, குஞ்சைத் தன் வெற்று உடம்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

அன்றைக்கு உச்சிப்பொழுது. பாறையில் மாசிலன் ஆகப் பெரிய பழமாகப் பார்த்துச் சாமி முன்னால் வைத்தான். பழம் அப்படியே இருந்தது. காலையில் வைத்ததும் அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. சாமிக்கு என்ன கோபமோ என்று அவன் பதறினான்.

நிழலில் மல்லாந்து கிடந்த குரங்கு, அரைத் தூக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே, "இன்னைக்குப் போதும்ப்பா. வயிறு ரொம்பிக் கெடக்குது" என்றது.

மாசிலன் அதன் வயிற்றைப் பார்த்தான். பானை மாதிரி இருந்தது. நாற்பத்தெட்டு நாள் அத்திப்பழம் அதற்குள்ளே இருந்தது. அடப்பாவி என்று கத்தத்தான் வாயெடுத்தான். அதற்குள் இன்னொரு நினைப்பு வந்துவிட்டது. இங்கே ஒரு வயிறு ரொம்பிக் கிடந்தால், வேறொரு வயிறு காய்ந்து கிடக்குமே! கூட்டம் கூப்பிடக் கூப்பிட அவன் காதில் வாங்கவில்லை. அத்திமரத்துக்குப் பறந்து, தொண்டை கொள்ளும் மட்டும் பழத்தை அடைத்துக்கொண்டு பொந்துக்குப் பறந்தான்.

பிளவில் மூக்கு நுனி தெரியவில்லை.

கூப்பிட்டான். பதில் இல்லை. பிளவில் தலையைச் சாய்த்து மறுபடி கூப்பிட்டான். உள்ளே ஏதோ மெல்ல நகர்கிற சத்தம். ரொம்ப நேரம் கழித்து, காய்ந்து வெளிறிய மூக்கு நுனி ஒன்று வெளியே வந்தது. மாசிலன் அழுதுவிட்டான்.

முதல் பழத்தைக் கொடுத்தான். மூக்கு அதை வாங்கி உள்ளே போனது. குஞ்சுக்கு. இரண்டாவதும் குஞ்சுக்கு. மூன்று, நாலு, ஐந்து, எல்லாம் குஞ்சுக்கு. எட்டாவது பழத்துக்குத்தான் உள்ளேயிருந்து குஞ்சின் குரல் ஈனமாகக் கேட்டது. ஒன்பதாவது பழத்தை வெள்ளையம்மா சாப்பிட்டாள்.

குரங்கு ஏமாற்றியதைச் சொன்னான். தன் புத்தி கெட்டுப் போனதையும் சொன்னான். திட்டு அம்மிணி, நல்லாத் திட்டு என்று கெஞ்சினான். திட்ட அவளுக்குத் தெம்பு இல்லை. சன்னமாகப் பேசினாள்.

"மூணு நாளா நானும் அந்தச் சாமியத்தானுங்க கும்பிட்டுட்டுக் கெடந்தேன். குஞ்சுக்கு ஒரே ஒரு பழம் அனுப்புன்னு கேட்டேன். சாமியும் அனுப்பத்தான் நெனச்சிருக்கும். ஆனா அதைக் கொண்டுட்டு வர்றதுக்கு, உங்களை விட்டா சாமிக்கு வேற யாருங்க இருக்காங்க?"

மாசிலனுக்கு அப்போதுதான் புரிந்தது. தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், அதே சாமியிடம், தன் பெயரைச் சொல்லாமல் தன்னைத்தான் இவள் கேட்டிருக்கிறாள். அவன் மூக்கைப் பிளவில் வைத்து அவள் மூக்கை ஒரு தரம் தொட்டான். அப்புறம் அத்திமரத்துக்குப் பறந்தான். அன்று பொழுது சாய்வதற்குள் ஏழு நடை வந்துவிட்டான். பாறையில் இறங்கவே இல்லை.

நம்மை நம்பி இருப்பவர்களுக்கு அன்றாடம் ஓடியாடிச் செய்கிற வேலைதான் சாமிக்குச் செய்கிற பூசை. அவர்களைப் பட்டினி போட்டுவிட்டுச் செய்கிற பூசை எந்தச் சாமிக்கும் போய்ச் சேராது.