சிகரமா, தாரகையா?

தூத்துக்குடியில் டெல்பின் என்றொரு பெண். உப்புக் கம்பெனியில் எடைச் சீட்டு எழுதுகிற வேலை. கணவர் கிளீட்டஸ் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் மோட்டார்மேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்கு இடது காது போய்விட்டது. இன்னும் ஆறு வருடம், அதற்குள் கொஞ்சம் பணம் சேர்ந்தால் கரையோடு இருந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். முன்பே இரண்டு முறை சேர்த்தார். இரண்டு முறையும் உறவில் யாரோ கேட்டார்கள், டெல்பினால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, கொடுத்தது திரும்பவில்லை. அவர் மறுபடி கப்பல் ஏறினார்.

மூன்றாம் முறை ஆறு லட்சம் சேர்ந்தது. பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு ஒன்றில் அதைப் போடுவது என்று முடிவாயிற்று. சிகரம், தாரகை என்று இரண்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். இரண்டுமே அதே ஐம்பது கம்பெனிகளின் பங்குகளை அதே விகிதத்தில் வைத்திருப்பவை. நிர்வாகச் செலவுக்கென்று வருடத்துக்கு நூறு ரூபாய்க்கு ஐந்து காசு பிடிப்பது சிகரம். இருபது காசு பிடிப்பது தாரகை.

கப்பல் கரையை விட்டு விலகி சிக்னல் போகுமுன் கிளீட்டஸ் போனில் பேசினார். “செலவு கம்மியானத வாங்கு. சிகரம்தான் கம்மி. வெள்ளிக்கிழமையத் தாண்டக்கூடாது, என்ன?”

“வாங்கிருதேன்,” என்று டெல்பின் வாக்குக் கொடுத்தாள். சனிக்கிழமை அவள் தம்பி ரெஜிஸ் வருவதாக இருந்தான். மீன்பிடி வள்ளத்துக்குப் புது இன்ஜின் வாங்கப் பணம் வேண்டுமாம்.

வெள்ளி மதியம் போனைத் திறந்தாள். சிகரத்தின் ஒரு யூனிட்டில் உள்ள பங்குகளின் மதிப்பு நூறு ரூபாய் என்று அந்த ஃபண்டின் பக்கமே காட்டியது. சந்தையிலோ நூற்றிரண்டுக்குக் குறைந்து விற்க ஆளில்லை. தாரகையில் ஆயிரக்கணக்கானோர் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே நூறு ரூபாய் மதிப்புக்குப் பத்து காசுதான் கூட.

வங்கியில் வேலை பார்க்கும் கணவரின் அக்கா செலஸ்டினை அழைத்து விலைகளைச் சொன்னாள்.

“ரெண்டு நாள் பொறு, டெல்பின். திங்கக்கிழமை சிகரம் விலை இறங்கிரும்.”

“இறங்கலேன்னா, மதினி?”

“அத எப்படிச் சொல்ல முடியும்?”

“நாளைக்கு ரெஜிஸ் வாரான். பணம் இருந்தா நான் குடுத்துருவேன். எனக்கு என்னையத் தெரியும்.”

மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும். மூன்று இருபதுக்கு ஆறு லட்சத்துக்கும் தாரகையை வாங்கினாள். மறுநாள் ரெஜிஸ் வந்தான். பணம் இல்லை என்றதும் காப்பியைத் தொடாமல் எழுந்து போனான்.

ஒரு வாரம் கழித்து டர்பன் துறைமுகத்திலிருந்து கிளீட்டஸ் அழைத்தார்.

“சிகரம் வாங்கிட்டியா?”

“தாரகை வாங்கினேன்.”



“நான் சொன்னத ஒரு தடவையாவது செய்ய மாட்டியா?”

“செலவு கம்மியானதத்தான் வாங்கியிருக்கேன்.”

அழைப்பு நின்றுவிட்டது. லைன் அறுந்ததா, அவர் வைத்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாக்கை மீறிவிட்டாள் என்கிறார் கிளீட்டஸ். பொறுத்திருக்க வேண்டும் என்கிறார் செலஸ்டின். வாக்கைக் காப்பாற்றினேன் என்கிறாள் டெல்பின். இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: டெல்பின் பக்கம். சிகரத்தை வாங்கியிருந்தால் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ரூபாய் அன்றைக்கே கூடுதலாகப் போயிருக்கும். விற்கும்போது அது திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. தாரகையில் அப்படிப் போனது அறுநூறு. நிர்வாகச் செலவில் சிகரம் மிச்சம் பிடிப்பது வருடத்துக்குத் தொள்ளாயிரம். ஆறு வருடத்துக்கு ஐயாயிரத்து நானூறு, பணம் வளர்ந்தால் இன்னும் சற்றுக் கூட. செலவு கம்மியானதை வாங்கு என்று கிளீட்டஸ் ஒரு விதியைச் சொல்லி, அதற்குச் சிகரம் என்று ஒரு பெயரையும் சொன்னார். வெள்ளிக்கிழமை அந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. செலஸ்டினின் யோசனை நல்லதுதான், ரெஜிஸ் வராத வீட்டுக்கு. டர்பனிலிருந்து பேசிய மறுநாள், கிளீட்டஸ் அந்த வெள்ளிக்கிழமை விலைகளைத் தேடிப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு மறுபடி அழைத்தார். கோபம் இல்லை. “சந்தை விழுந்துட்டுன்னா என்ன செய்ய?” என்று கேட்டார். “ரெண்டும் சேந்துதான் விழும்,” என்றாள் டெல்பின்.