ஆயிரத்தோராவது வாத்து

வற்றிப்போன குளத்தில் ஆயிரத்தொரு வாத்துகள் தவித்துக் கிடந்தன. இறகு உதிர்கிற காலம் அது. பறக்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏரிக்கு நடந்துதான் போக வேண்டும். வழியெல்லாம் நரிக்கூட்டம்!

காட்டுத் தலைவர் யானை இரு தரப்புக்கும் நடுவில் நின்று ஓர் ஒப்பந்தம் பேசி முடித்தார். வாத்துகள் சமமான வரிசைகளாக நடந்தால் நரிகள் தொடக்கூடாது. வரிசையில் அடங்காமல் மிஞ்சுகிறவர் நரிக்கு! பொழுது சாய்வதற்குள் புறப்பட்டுவிட வேண்டும்.

வாத்துகள் வழக்கம்போல இரண்டிரண்டாக நின்றன. ஒன்று மிஞ்சியது. அதுதான் செம்பி. கால் ஊனம் என்பதால் எப்போதும் கடைசியில் வந்து சேருகிறவள்.

"வாடி என் தங்கமே!" என்று முன்னால் நின்ற நரி நாக்கைச் சப்புக்கொட்டியது.

செம்பி சட்டென்று பின்வாங்கினாள். "நெட்டையண்ணே, வேறு மாதிரி நின்று பார்க்கலாமே!" என்று வாத்துத் தலைவனைக் கெஞ்சினாள்.

ஐந்தைந்தாக நின்றார்கள். செம்பி மிஞ்சினாள். பத்துப் பத்தாக நின்றார்கள். அப்போதும் செம்பிதான்!

"உன் தலையெழுத்து, நான் என்ன செய்ய? ஒருத்திதானே, மற்ற ஆயிரம் பேராவது பிழைக்கட்டும்" என்றான் நெட்டையன்.

"மூன்று மூன்றாக ஒரே ஒரு தடவை, அண்ணே!"

நின்றார்கள். இந்தத் தடவை இரண்டு பேர் மிஞ்சினார்கள். செம்பி ஒருத்தி. இன்னொருவர், பின்னால் காவலுக்கு வந்த நெட்டையன்!

"அடடே, இன்றைக்கு விருந்துதான்!" என்று நரி துள்ளியது.

நெட்டையன் அலறினான். "வேண்டாம், வேண்டாம்! இரண்டிரண்டாகவே நில்லுங்கள்!"

"ஏன் அண்ணே, இது உங்கள் தலையெழுத்து இல்லையா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டே விட்டார்கள்.

வெயில் மங்கியது. நரி ஓரடி நெருங்கியது. அழுதால் கணக்கு வராது என்று செம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

'இரண்டில் மிஞ்சினால் நான்கிலும் ஆறிலும் மிஞ்சத்தான் செய்யும். ஏழில்? நூறு வரிசைக்கு எழுநூறு. மீதி முந்நூற்றொன்று. இன்னும் நாற்பது வரிசைக்கு இருநூற்றெண்பது. மீதி இருபத்தொன்று. மூவேழு இருபத்தொன்று!'

"ஏழேழாக நில்லுங்கள்!" என்று கத்தினாள்.

"ஏழா? நம் கூட்டத்தில் யாருமே அப்படி நின்றதில்லையே!" என்றான் நெட்டையன்.

"நின்றதில்லை அண்ணே, அதனால்தான் சொல்கிறேன்!"

தடதடவென்று வரிசைகள் சேர்ந்தன. கடைசி வரிசையில் ஆறு பேர். ஏழாவது இடம் காலி. செம்பி கெந்திக் கெந்தி ஓடினாள். நரியின் மூச்சு அவள் வாலில் சுட்டது. ஒரே தாவு! அந்த இடத்தில் போய் நின்றுவிட்டாள்.

யானை தும்பிக்கையை நீட்டி நரியை மறித்தார். "எங்கே பாய்கிறாய்? மிச்சம் என்று ஒருத்தரும் இல்லையே!"

நரி பல்லை நறநறவென்று கடித்தது. ஆயிரத்தொரு வாத்துகளும் மலையைக் கடந்து ஏரியில் இறங்கின.

ஒருவரை மிச்சம் என்று ஒதுக்கித் தள்ளும் முன், நாம் நிற்கிற வரிசை சரிதானா என்று பார்க்க வேண்டும்.