நரம்பன் தட்டாத சுவர்

"விடிந்தால் தட்டுகிறான், படுத்தால் தட்டுகிறான், ஒரு வாய் வைக்கோலுக்கு ஊரைக் கூட்டுகிற மாதிரி தட்டுகிறான்! இவனுக்குக் கதவு திறந்தே என் இடுப்பு ஒடிந்தது!"

இப்படிக் கத்தியது யார் தெரியுமா? ஒரு பசுவின் கன்னத்துக்குள் குடியிருந்த எச்சில் சுரப்பி! அந்தக் காலத்தில் மாடும் பேசியது, மாட்டின் வாய்க்குள் இருந்ததெல்லாமும் பேசியது. திட்டு வாங்கியவன் நரம்பன். எல்லா வாய்க்கும் சேதி கொண்டுபோகிற ஓட்டக்காரன் அவன் ஒருவன்தான். தீனி வந்தால் ஓடிவந்து தட்டுவான். சுரப்பி கதவைத் திறந்து நீர் விடுவாள். வைக்கோல் நனைந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

"தட்டுவதுதானே அக்கா என் வேலை?"

"வேலையாம் வேலை! நேற்று ஒரு ஈ நுழைந்ததற்கும் தட்டினாயே!"

"ஈயும் தீனி மாதிரிதான் இருந்தது."

"போதும் உன் சமாளிப்பு! இனி இந்தப் பக்கம் தலை காட்டாதே. நீ இல்லாமல் எனக்குக் குடித்தனம் நடத்தத் தெரியாதா?"

நரம்பனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. கிளம்பினான். கிளம்பியவன் பக்கத்தில் நின்ற இளங்கன்றின் வாயிலிருந்தும் தன்னை உருவிக்கொண்டு போய்விட்டான்! அங்கே பிறந்து சில நாளே ஆன சின்னச் சுரப்பி ஒருத்தி இருந்தாள். அந்தச் சண்டையில் அவளை யார் நினைத்தார்கள்?

அடுத்த வேளை வைக்கோல் வந்தது. பசுவின் வாயில் முள்ளாய்க் குத்தியது. பெரியவள் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். "தட்டினானோ? எனக்குத்தான் கேட்கவில்லையோ?" சுவரை இடித்துப் புதிதாக ஒரு கதவு வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. துரத்தியவளே அவனுக்காகச் சுவரெல்லாம் கதவு வைத்தாள்!

அப்புறம் பாருங்கள் கூத்தை! இரத்த ஓடையில் எங்கிருந்தோ ஒரு சேதித் துணுக்கு மிதந்து வந்தது. தூசி அளவுதான். முன்பென்றால் கண்டுகொள்ளவே மாட்டாள். இப்போது அது ஒரு கதவில் உரசியதுதான் தாமதம், மடை உடைந்ததுபோல் நீர் கொட்டியது!

"வந்துவிட்டது! அடி சின்னவளே, வழி தெரிந்துவிட்டது! அவன் வராவிட்டால் கதவைக் கூட்டிக்கொள்! நீயும் வை, சீக்கிரம்!"

கன்றின் கன்னத்திலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. "கதவு என்றால் என்ன, பெரியம்மா?"

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் கதவை எந்தச் சுரப்பியும் தானாக வைப்பதில்லை. சின்ன வயதில் நரம்பன் தட்டத் தட்டத்தான் சுவரில் கதவு முளைக்கும். அவளுக்கும் அப்படித்தான் முளைத்தது. அதனால்தான் ஆள் போனதும் தேடத் தெரிந்தது. முளைக்கும் முன்பே அவன் போய்விட்டதால் சின்னவளுக்கோ வழவழவென்று வெறும் சுவர். சேதித் துணுக்கு அவளையும் கடந்துதான் போனது. உரச ஒரு கதவு வேண்டாமா? கன்றோ இன்னும் கொஞ்ச நாளில் பால் மறந்து வைக்கோலில் வாய் வைக்கப்போகிறது!

அன்று முதல்தான், வளர்ந்த பிறகு நரம்பை இழந்த சுரப்பி கதவுகளைப் பெருக்கிக்கொண்டு தொட்டதற்கெல்லாம் பொங்குகிறது. பிறந்த சூட்டோடு இழந்தது கதவு வைக்கத் தெரியாமல் வறண்டு நிற்கிறது. பெரியவளும் அத்தனை கதவையும் திறந்துபோட்டுக்கொண்டு இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறாள்:

"நரம்பா! தம்பி! என் வாசலுக்கு நீ வரவே வேண்டாம். அந்தக் குழந்தை வீட்டுச் சுவரில் மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போயேன்!"