கறுப்பு நூலும் ராஜாவின் தலைப்பாகையும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை விசயமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவரைப் புகழ்ந்து தள்ளுவார், மாலையில் அவரையே நாடு கடத்துவார், மறுநாள் ஆள் எங்கே என்று தேடுவார். அப்படிப்பட்டவரிடம் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர் மந்திரி மருதப்பர்.

தலைநகரில் அரண்மனைச் செலவில் ஓர் அன்ன மண்டபம் நடந்தது. தினமும் கூட்டம். ஒருமுறை வந்தவரை மறுமுறை பரிமாறுகிறவருக்கு அடையாளம் தெரியாது. கத்தரிக்காய் ஆகாது என்று நேற்றுச் சொன்னவர் இலையில் இன்றும் கத்தரிக்காய் விழும். மருதப்பர் ஒரு வழி செய்தார். வருகிறவர் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, பிடித்தது பிடிக்காதது எல்லாவற்றையும் அதில் முடிச்சாகப் போட்டுவிடச் சொன்னார். அடுத்தமுறை முடிச்சைப் பார்த்ததுமே, "வாங்க, உங்களுக்குக் காரம் குறைச்சல்தானே?" என்று கேட்டுப் பரிமாறினார்கள். நூல் வந்தவர் கையிலேயே இருக்கும். மண்டபத்துக்கு வெளியே அதைப் படிக்க யாருக்கும் தெரியாது. ஊரே மந்திரியைக் கொண்டாடியது.

தனபூபதிக்கு இது வயிற்றெரிச்சல். சபையில் மந்திரிக்கு அடுத்த இடம் அவனுடையது. "ஒரு முழ நூலுக்கு இவ்வளவு பேரா?" என்று மனைவியிடம் புலம்புவான். யாராவது மஞ்சள் நூலோடு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பாவம், மோர்ச் சட்டியைப் பார்த்தால்கூட அதில் மந்திரியின் முகம்தான் தெரிந்தது.

கடைசியில் அவன் மண்டபத்து வாசலில் தன் ஆட்களை நிறுத்தினான். அவர்கள் மஞ்சள் நூலுக்குப் பக்கத்திலேயே ஒரு கறுப்பு நூலும் கட்டினார்கள். கேட்காமலா கட்டினார்கள்? கேட்டார்கள். ஓர் ஆள் மூச்சு விடாமல் நீளமாக ஏதோ ஒப்பிப்பான், முடிவில் "சம்மதமா?" என்பான். உள்ளே ரசம் கொதிக்கிற வாசனை வரும்போது யார் காது கொடுத்துக் கேட்பார்? இணையதளத்துக்குள் நுழையும்போது குக்கீஸ் அறிவிப்பைப் படிக்காமலேயே நாம் ‘சம்மதம்’ என்று அமுக்குகிறோமே, அதேபோல எல்லாரும் தலையாட்டினார்கள்.

கறுப்பு நூலின் சங்கதியே வேறு. ஊரில் ஒவ்வொரு கடையிலும் தனபூபதியின் ஆள் ஒருவன் இருந்தான். யார் வந்து நின்றாலும், "நூல் நழுவுதுங்களே" என்று சரிசெய்கிற சாக்கில் அந்தக் கடைக்கென்று ஒரு முடிச்சும், வாங்காமல் நகர்ந்தால் இன்னொன்றும் போட்டுவிடுவான். அடுத்த கடையில் இருப்பவன் அதைப் படித்துக்கொள்வான். இப்படி யார் எங்கே போனார் என்பதெல்லாம் தனபூபதி வழியாக ராஜாவின் காதுக்கு வந்தது. ராஜாவுக்குப் பரம சந்தோஷம்.

ஒருநாள் சபையில் தனபூபதி முன்னால் வந்தான். "மகாராஜா, மந்திரியார் கையிலும் கறுப்பு நூல் இருக்கிறது. பகைநாட்டுக் குதிரை வியாபாரியின் கொட்டகைக்கு அடிக்கடி போகிறார் என்று அது சொல்கிறது. நாட்டை விற்கிறார்."

"போனது உண்மையா?" என்றார் ராஜா.

"உண்மைதான் மகாராஜா."

"எதற்கு?"

"சபையில் சொல்ல வெட்கமாக இருக்கிறது."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "நாளைக்குள் சொல்லவில்லையென்றால் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

"ஆகட்டும். அதற்கு முன் ஒரே வேண்டுகோள். காலையில் தாங்கள் மாறுவேடத்தில் மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கடைவீதியில் ஒரு சுற்று வாருங்கள். பிறகும் என்னைத் துரத்தத் தோன்றினால் நானே மூட்டை கட்டுகிறேன்."

மாறுவேடம் என்றால் ராஜாவுக்கு உயிர். பெரிய தலைப்பாகை ஒன்றைக் காதுவரை இறக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் பசியோடு தலையாட்டினார். வயிறாரச் சாப்பிட்டார். போகிற வழியில் நரைத் தைலக் கடையில் ஒரு தைலத்தைச் சும்மா எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். அந்தக் குதிரை வியாபாரியின் கொட்டகையில் ஒரு வெள்ளைக் குதிரையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு பூக்கடைக்குப் போனார்.

"பெரியவரே, நரைக்கு நல்ல தைலம் இருக்குது, பாக்குறீங்களா?" என்றான் அங்கே இருந்தவன்.

செருப்புக் கடையில், "செருப்பு கெடக்கட்டுங்க, நரைக்குத் தைலம் வேணுமா?" என்றான் இன்னொருவன். கோயில் வாசல் தேங்காய்க் கடையிலும் அதே பேச்சு. ராஜா தலைப்பாகையைத் தடவிப் பார்த்தார். ஒரு முடிகூட வெளியே தெரியவில்லை.

கொதித்துப்போய் அரண்மனைக்குத் திரும்பினார். மருதப்பர் அவர் மணிக்கட்டிலிருந்த கறுப்பு நூலை வெட்டி வாங்கிக்கொண்டு, "கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

சபை கூடியது. மருதப்பர் நூலை நீட்டினார். "தனபூபதியாரே, இது யாருடையது என்று இப்போது சொல்லப்போவதில்லை. ஆள் எப்படிப்பட்டவன் என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள்."

தனபூபதிக்குத் தலைகால் புரியவில்லை. மந்திரியே வந்து தன்னிடம் கேட்கிறாரே! முடிச்சுகளைத் தடவினான். "நரையை மறைக்கிற கிழவன். வாங்காமல் தொட்டுப் பார்க்கிற கஞ்சன். பகைவன் கொட்டகையில் வேறு நின்றிருக்கிறான். சந்தேகமே இல்லை மகாராஜா, இவன் ஒற்றன். சிறையில் அடைக்கலாம்."

ராஜா மெதுவாகக் கிரீடத்தைக் கழற்றினார். சபை அன்றுதான் அவர் நரையைப் பார்த்தது. "என்னை எந்தச் சிறையில் அடைப்பதாக உத்தேசம்?"

தனபூபதியின் கையிலிருந்த நூலைப் பிடுங்கி, "இதை என் கையில் கட்ட யார் அனுமதி கொடுத்தது?" என்றார் ராஜா.

"தாங்கள் வாசலில் சம்மதித்தீர்கள், மகாராஜா" என்றார் மருதப்பர்.

"நான் சோற்றுக்கல்லவா தலையாட்டினேன்?"

"ஊர் முழுக்க அதற்குத்தான் ஆட்டியது. எங்கே நின்றோம் என்று அந்த நூல் சொல்லும்; எதற்கு நின்றோம் என்று அதற்குத் தெரியாது."

"சரி, நீர் எதற்குப் போனீர்?"

மருதப்பர் தரையைப் பார்த்தார். "குதிரைக் காலுக்குப் பூசுகிற தைலம் வாங்க. தாங்கள் நாள் முழுக்க நிற்க வைக்கிறீர்களே, முழங்கால் போய்விட்டது."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மந்திரிக்கு ஓர் ஆசனமும் அந்த வெள்ளைக் குதிரையும் கொடுத்தார். கறுப்பு நூல் ஒழிந்தது. மஞ்சள் நூலையும் ஒரே வரியில் கேட்டுத்தான் கட்ட வேண்டும், வேண்டாம் என்றாலும் சோறு உண்டு என்று உத்தரவானது. கட்டிய நூலை வேண்டாதவர் எப்போதும் வெட்டிக்கொள்ளலாம். மறுபடி கத்தரிக்காய் விழும், அவ்வளவுதான். வெட்டிவிட வாசலில் கத்தரிக்கோலோடு தனபூபதி நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தண்டனை.

முதலில் அழுதுகொண்டுதான் நின்றான். ஆனால் கை சுத்தம். தோலில் படாமல் வெட்டினான். "தனபூபதி ஐயா வெட்டினா வெட்டினதே தெரியாது" என்று ஊர் பேச ஆரம்பித்தது.

வீட்டில் முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்த மருதப்பர் மனைவியிடம் கேட்டாராம்: "ஒரு கத்தரிக்கோலுக்கு இவ்வளவு பேரா?"